வெளியூர்ப் பிள்ளைகளின் மூலை

சுற்றுச்சூழல் நீதிக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை அரசு அமைக்கப்போகிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். குழுவுக்குத் தலைவராக வரப்போகிற ஓய்வுபெற்ற நீதிபதி வெளிமாநிலத்தவர், அவருக்குத் தமிழ் தெரியாது, ஊர் ஊராகப் போய் மக்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உறுப்பினர்களை முடிவு செய்வேன் என்கிறார், பேசுவதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு, வேலையை விட்டபின் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தேன். சரி என்று சொன்னேன்.

நான் தென்காசிப் பக்கம். கணவருக்கு ஆராய்ச்சி மையத்தில் வேலை கிடைத்துப் புதுப்பட்டினத்துக்கு வந்தோம். வந்த புதிதில் மார்க்கெட்டில் மீன்காரப் பெண் ஒருத்தி "இன்னா வோணும்?" என்று கேட்டதும், ஏதோ கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து மீன் வாங்காமலே திரும்பினேன். போகப் போக அந்தப் பேச்சு காதுக்குப் பழகியது. இப்போது இந்தக் கடற்கரையில் யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் எனக்குப் புரியும்.

முதல் நாளே நீதிபதி என்னை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். மெலிந்த மனிதர், தணிந்த குரல். ஒரு மின் ஆலையின் வெளிச்சம் ஒருவர் வீட்டுக்கும் புகை இன்னொருவர் வீட்டுக்கும் போனால் அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் இந்தக் குழு என்றார். எனக்கு ஒரே ஒரு விதி வைத்தார். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று நான் சொல்லக்கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். நடுவில் ஒருத்தி இருப்பதே தனக்குத் தெரியக்கூடாது என்றார்.

அப்படியே செய்தேன். உப்பேறிப்போன கிணற்றுக்காரனாக, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருமும் பிள்ளையின் தகப்பனாக, லாரிப் புழுதியில் முருங்கைப் பூ உதிர்ந்துபோன கிழவியாக மாறி மாறிப் பேசினேன். ஆரம்பத்தில் அதில் ஒரு தேர்ச்சியின் சந்தோஷம்கூட இருந்தது. பிறகு அவர்கள் என்னைவிட்டுப் போக மறுத்தார்கள். வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். யாருடைய வாக்கியமோ ஆங்கிலத்தில் என் வாய்க்குள் வந்து நிற்கும். "என் கிணறு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்குக் கிணறே கிடையாது.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே இருக்கும் ஒரு குப்பத்துக்குப் போனோம். புயல் பாதுகாப்பு மையத்தின் மாடிக் கூடத்தில் கூட்டம். ஜன்னல்கள் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருந்தன. முன்பு அந்தக் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே வலை காயவைக்க இரண்டு வரிசை இடம் இருந்ததாம். இப்போது அலை படிக்கட்டைத் தொடுகிறது. எதனால் என்பதில் ஒருமித்த பேச்சு இல்லை. அடுத்த ஊரில் கல் கொட்டியதால் என்று சிலர். கடல் அப்படித்தான், ஒரு தலைமுறை தரும், ஒரு தலைமுறை எடுக்கும் என்று சிலர்.

ஒரு பெண் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மார்க்கெட்டில் மீன் விற்பவர். முகம் தெரியும், பேசியதில்லை. குப்பத்தின் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி.

அவர் வலை இடத்தைப் பற்றியோ வீடுகளைப் பற்றியோ பேசவில்லை. சுடுகாட்டைப் பற்றிப் பேசினார். சுடுகாடு என்று பேரே தவிர அங்கே அதிகமும் புதைப்பதுதான் வழக்கம். அது ஊருக்குத் தெற்கே, தாழம்புதர்களை ஒட்டி, கடற்கரை மணலிலேயே இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு கடல்ல பூட்டாரு. நாலாம் நாளு கடலே திருப்பிக் குட்த்துச்சி. நாங்க மண்ணுல வெச்சோம். இத்தினி வருசம் கழிச்சி அதே கடலு வந்து எட்த்துகினு பூடுச்சி. இப்ப நான் எங்கங்க போய் பால் ஊத்தறது?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் கணவரைக் கடல் கொண்டுபோனது, திருப்பித் தந்தது, மறுபடி கொண்டுபோனது, நான் எங்கே போய்ப் பால் ஊற்றுவேன் என்று சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

அந்த அக்கா இன்னும் முடிக்கவில்லை. தங்கள் ஆட்கள் மட்டுமில்லை என்றார். தெற்கு மூலையில் வெளியூர்க்காரர்களின் பிள்ளைகள் இருந்தன. வேலைக்காக இங்கே வந்து குடியிருக்கிறவர்களுக்குப் புதைக்கச் சொந்த மண் ஏது? ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். குப்பத்தில் யாரும் தடுத்ததில்லை.

"அந்த மூலைதாங்க மொதல்ல போச்சி," என்றார்.

அதையும் சொன்னேன். என் குரலில் அந்த ஆங்கில வாக்கியம் முழுதாக வெளியே போன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து மறுநாளே இறந்துபோனது. நான் மயக்கமும் தெளிவுமாகக் கட்டிலில் கிடந்தேன். ஊரிலிருந்து என் அம்மா வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. எங்கே என்று கேட்கக்கூடாது, கேட்டால் அடுத்தது தங்காது என்று அம்மா சொன்னார். கணவரும் சொல்லவில்லை. பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான். கேட்காமலே இருந்து பழகிவிட்டது. தெற்கே, கடலைவிட்டு எங்கோ உள்ளே தள்ளி, ஒரு மரத்தடி என்று மனதுக்குள் நானே ஓர் இடம் வைத்திருந்தேன். அந்த மரம் புங்கை. யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவளை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

"கடற்கரையிலதான்," என்றார்.

எந்தக் கடற்கரை என்று கேட்டேன். வாடகை வேன்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார், தாழம்புதர் இருந்தது, அதற்குமேல் தனக்கே சரியாகத் தெரியாது என்றார். அந்த இடம் இப்போது இல்லை என்று சொன்னேன். அவர் தலையை அசைத்தார். பேப்பரில் படித்ததாகச் சொன்னார். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த மூலை போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அத்தனை நாளும் தெரிந்தே எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் மட்டும் குப்பத்துக்குப் போனேன். அந்த அக்காவைத் தேடிப் போய், இன்ன விஷயம் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கூடையைத் திண்டின் மேல் வைத்துவிட்டு என்னோடு நடந்தார்.

தெற்கே போகப் போக மணல் குறுகி, கடைசியில் ஆளுயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுண்ட கரைதான் இருந்தது. வெட்டுப்பட்ட பக்கத்தில் வேர்களும் ஒரு துணியின் ஓரமும் நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் திருப்பினார். பிறகு கடலுக்குள் கையை நீட்டினார். கரையிலிருந்து நல்ல தூரத்தில், அலை எழும்பி உடைகிற இடம்.

"அங்கதான் கீது. இருந்துச்சி. இன்னா பேரு?"

"பேர் வைக்கலக்கா."

"பொண்ணா?"

"ஆமா."

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று அந்த இடத்தில் மிதந்து, வருவதும் போவதுமாக இருந்தது. அதன்பிறகு என் மனதில் அந்தப் புங்கை மரம் வரவே இல்லை. அலை உடைகிற இடம்தான் வந்தது. பாத்திரம் கழுவினால் வந்தது. மகன் குளிக்கிற சத்தத்தில் வந்தது.

ஊர்ச் சுற்று முடிந்து நீதிபதி உறுப்பினர் பெயர்களைப் பரிந்துரைத்தபோது அந்த அக்காவின் பெயரும் இருந்தது. பேராசிரியர்கள், மருத்துவர், வழக்கறிஞர், கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரின் விவசாயி ஒருவர், இவர்களோடு இவர். அவருக்குச் சேதி சொல்ல நான்தான் போனேன். முதலில் மாட்டேன் என்றார். மீட்டிங்குக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வியாபாரம் போகும், அங்கே போய் என்ன பேச, டீ குடுத்து அனுப்பிடுவாங்க என்றார். நான் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது அவரே கேட்டார்.

"நீ இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப வரேன்."

குழுவின் முதல் அமர்வு செங்கல்பட்டில் நடந்தது. நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், மைக். அக்கா நீலப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். அவருக்கும் நீதிபதிக்கும் நடுவில், சற்றுப் பின்னால் தள்ளி எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

சுடுகாடு விஷயம் மதியத்துக்கு முன்பு வந்தது. சம்பந்தப்பட்ட துறையின் அதிகாரி ஆங்கிலத்தில், பொறுமையாகத்தான் பேசினார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே புறம்போக்கு நிலம் பார்த்திருக்கிறோம். கரையில் இப்போது எஞ்சியிருக்கிற சமாதிகளை அங்கே மாற்றித் தரலாம். ஏற்கெனவே கடலுக்குள் போனவற்றை மாற்ற வழியில்லை, மாற்ற எதுவும் இல்லாதபோது இடம் ஒதுக்க விதியும் இல்லை என்றார். அதை நான் அக்காவின் காதோரம் சொன்னேன்.

அவர் மைக்கைப் பிடிக்கவில்லை. அப்படியே பேசினார். எஞ்சியிருப்பவர்களுக்கு மட்டும் இடம் என்றால், முதலில் அடி வாங்கியவனுக்கு ஒன்றும் இல்லை, கடைசியில் வாங்கியவனுக்கு மருந்து என்று ஆகிறதே என்றார். தன் கணவரை விடுங்கள், தான் கேட்டுக்கொண்டாவது இருக்கிறேன் என்றார். "வெளியூரு புள்ளைங்களும் கீது. அதுங்களுக்கு யாரு வந்து பேசுவாங்க?"

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நீதிபதி, அப்படிப்பட்ட குடும்பம் யாராவது இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவராவது வந்து சொன்னால்தான் பரிந்துரையில் தன்னால் எழுத முடியும் என்றார்.

இதை நான் தமிழில் கேட்கவேண்டும். கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "கீறாங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "பேசறதும் பேசாததும் அவங்க இஷ்டங்க."

அதைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் என் வாய் நிற்கவில்லை. எனக்கும் அங்கே ஒரு குழந்தை இருந்தது, பெண் குழந்தை, அவளை வைத்த இடத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை, பார்க்கப் போனபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. இத்தனை மாதமாக எல்லோருக்காகவும் பேசிய அதே குரல்தான்.

நீதிபதி அக்காவைப் பார்த்து மெல்லத் தலைகுனிந்தார். மருத்துவராக இருந்த உறுப்பினர் அக்காவின் கையைத் தொட்டார். தட்டச்சு செய்பவர் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா மைக் இல்லாமல் தணிந்து சொன்னது மேசையில் வேறு யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது; எல்லோரும் அக்கா சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தானே எடுத்துக்கொள்ள முடியும்? நடுவில் ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் விதி.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் சொன்னது அவர் பேச்சைவிட நீளம் என்பது தெரிந்திருக்கும்.

குழந்தையின் பெயர் என்ன என்று நீதிபதி அவரிடம் கேட்டார். என்னால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க முடியவில்லை. பக்கத்திலிருந்த, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த விவசாயி உறுப்பினர்தான், கொழந்த பேர் இன்னான்னு கேக்குறாரும்மா என்று சொன்னார்.

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பேரு வெக்கலீங்க," என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு நான், இதைத் திருத்தச் சொல்லவேண்டும், உங்கள் பேரில் பதிவாகிவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும். எனக்கு ரெண்டும் பையனுங்க," என்றார் அக்கா. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பொண்ணு இருந்தா இன்னா?"

ஆனாலும் அடுத்த அமர்வின்போது சாப்பாட்டு வேளையில் நீதிபதியைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பவர் சாட்சியாக முடியாது என்றார். அது எனக்கே தெரியும். பிறகு நடவடிக்கைக் குறிப்பில் "உறுப்பினர்" என்று இருந்த இடத்தில் "ஒரு தாய்" என்று மாற்றச் சொன்னார். யார் என்று அதில் இல்லை. அன்று மதியம் அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் தொண்டையைச் செருமிவிட்டுக் கூப்பிட்டார்.

பரிந்துரை போனது. ஆலோசனைக் குழு ஆலோசனைதான் சொல்லும். செய்வது வேறு கைகள். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் நிலத்துக்கு அருகிலுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். உழுதுண்ணும் குடும்பங்கள், அவர்கள் மாடு மேய்கிற இடம் அது. குழு அவர்களையும் போய்க் கேட்டது. ஒரு பெரியவர் எழுந்து, கடலில் செத்தவர்களும் பேர் வைக்காமல் செத்த பிள்ளைகளும் எங்கள் வயலுக்குப் பக்கத்தில் வேண்டாம், அவை அடங்காமல் திரியும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்திருந்தார், அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் என் வயலுக்குப் பக்கத்தில் வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். நீதிபதி என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் என்னை அதிகம் தொடர்ந்து வந்தது அதுதான். சில காலைகளில் அது உண்மையாகவே என்னுடையதோ என்று தோன்றும். அவள் அடங்காமல் திரிகிறாள் என்று நானும்தானே பயந்துகொண்டிருந்தேன்?

அந்த அக்காவும் விவசாயி உறுப்பினரும் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார்கள். கடைசியில் கேட்டதில் பாதி இடம், சவுக்குத்தோப்பை ஒட்டி, சாலை ஓரமாக முடிவானது. மாட்டுக்கு மீதிப் பாதி.

கரையில் எஞ்சியவர்களை எடுத்து மாற்றிய நாளில், கடலுக்குள் போனவர்களுக்காக அந்தந்தக் குடும்பம் கரையிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துவந்து புது இடத்தில் போடலாம் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தார். கணவரிடம் சொன்னேன். வருவார் என்று நினைக்கவில்லை. லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்பே வாசலில் நின்றார்.

வெட்டுக்கரையில் அவர்தான் இறங்கி மணல் எடுத்தார். ஈர மணல். கைக்குட்டையில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தார். சாலையைக் கடக்கக் காத்திருந்தபோது, லாரிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்தில், பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு மழை. வேன்காரர்தான் குழி தோண்டினார். நான் குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாருக்குப் பிடிக்கிறதுன்னே தெரியல. அவருக்கா, குழிக்கா, என் கையில இருந்தவளுக்கான்னு."

சாலை காலியானது. நாங்கள் கடக்கவில்லை. மறுபடி வண்டிகள் வந்தன.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலமாகிறது. குழுவின் காலம் முடிந்து அடுத்த குழு அமைந்தது. நீதிபதி தன் ஊருக்குப் போய்விட்டார். அக்கா இரண்டாம் முறை உறுப்பினராக மறுத்துவிட்டு, வீடுகளின் முதல் வரிசையைக் கடல் தொட்டுவிட்டதென்று மனு கொண்டுபோகிறவர்களோடு செங்கல்பட்டுக்குப் போய்வருகிறார். நான் இன்னும் கூட்டங்களுக்குப் போகிறேன். அங்கே பேசியவர்கள் எல்லோரும் இன்னும் குரலாக என்னோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவள் மட்டும் முன்போல அலை உடைகிற இடமாக வருவதில்லை. எப்படி வருகிறாள் என்று என்னால் சொல்லத் தெரியவில்லை. யாரோ பேசி முடித்ததும் அடுத்த வாக்கியத்துக்காக நான் காத்திருக்கிற சின்ன இடைவெளியில் இருக்கிறாள்.

போன மாதம் நானும் கணவரும் சவுக்குத்தோப்புப் பக்கம் போனோம். சுற்றுச்சுவர் இன்னும் வரவில்லை. வெளியூர்க்காரர்களுக்கென்று விட்ட ஓரத்தில் புதிதாக ஒரு சின்ன மேடு இருந்தது. மண் காயவில்லை. மேலே ஒரு பிஸ்கட் பாக்கெட், பிரிக்காதது. அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். முந்தாநாள் சிறுசேரிப் பக்கமிருந்து ஒரு தம்பி காரில் வந்தான், கூட யாருமில்லை, தன் மகன்தான் குழி வெட்டிக் கொடுத்தான் என்றார். பேர் கேட்கவில்லையாம்.

கணவர் சுற்றிலும் பார்த்தார். தோப்போரம் கருவேல முள் கிடந்தது. நாய் தோண்டாமல் இருக்க அதை இழுத்துவந்து மேட்டின் மேல் ஒவ்வொரு கிளையாக அடுக்கினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.